சாதா புலிக்குக் கூட்டமில்லை

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போய்வந்த பிள்ளைகளை நிறுத்தி, என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளைப்புலி, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம் என்பார்கள். இந்த வரிசை அநேகமாக மாறாது. நெருப்புக்கோழியையும் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. கழுதைப்புலி பார்த்தாயா, நரி பார்த்தாயா, கருமந்தி பார்த்தாயா என்றால் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த அடைப்புகளைக் கடந்துதான் நடந்திருப்பார்கள். நின்றிருக்க மாட்டார்கள்.

திண்டிவனம் பக்கத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். சென்ற ஜனவரியில் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் சேர்ந்து ஒரு பஸ் கிளம்பியது. "நீங்களும் வந்தா பிள்ளைங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும் டீச்சர்" என்று தலைமையாசிரியை கூப்பிட்டார், போனேன். வெள்ளைப்புலி அடைப்புக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். பெரியவர்கள் செல்போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்க, அவர்கள் இடுப்புக்குக் கீழே சந்து கண்டுபிடித்து எங்கள் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு அடைப்பில் மஞ்சள் தோலும் கருங்கோடுமாக ஒரு புலி, மூங்கில் நிழலில் முன்னங்காலை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. அங்கே நின்ற ஒரு பையனை அவன் கூட்டாளி கையைப் பிடித்து இழுத்தான். "அது சாதா புலிடா, வாடா!"

சாதா தோசை, ஸ்பெஷல் தோசை கணக்கில் புலியையும் பிரித்துவிட்டான். அவனைக் குறைசொல்ல முடியாது. பெரியவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கேதான் பிள்ளைகளும் நிற்கும்.

வெள்ளைப்புலி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அது தனி இனம் அல்ல, நிறம் குறைந்து பிறக்கும் வங்கப்புலிதான் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு யாராவது சொல்லியாக வேண்டும். 1951இல் ரேவா மகாராஜா காட்டில் பிடித்துவந்து மோகன் என்று பேர் வைத்து வளர்த்த ஒரே ஓர் ஆண் குட்டி. இன்று உலகத்துக் காட்சிசாலைகளில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் மிகப் பெரும்பாலானவை அதன் வம்சம். தகப்பனையும் மகளையும் இணைசேர்த்துப் பெருக்கிய வம்சம் அது. மாறுகண் அந்த வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருவது; மற்ற உடற்கோளாறுகள் பலவும் இந்த இணைசேர்ப்பால் வந்தவை. சாதா புலியின் கதை வேறு. 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் காடுகளில் 306 புலிகள் இருக்கின்றன. முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று ஐந்து காப்பகங்கள். தாமிரபரணியும் வைகையும் இந்தப் புலிக்காடுகளிலிருந்துதான் இறங்கி வருகின்றன. திருநெல்வேலியிலும் மதுரையிலும் குழாயைத் திறக்கிறவருக்கு எந்தப் புலி சொந்தக்காரன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுலாவுக்கு முந்தின வாரம் பெற்றோருக்குக் கொடுத்தனுப்பும் துண்டுச்சீட்டை எல்லா ஊரிலும் பார்க்கலாம். காலை 5 மணிக்குப் பள்ளி வாசல். வண்டலூர், மாமல்லபுரம், மெரினா. இரவு 10 மணிக்குத் திரும்புதல். ஒரே நாள், மூன்று ஊர். இதில் பூங்காவுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம், கூடிப்போனால் இரண்டரை. வண்டலூர் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். அதை இரண்டு மணி நேரத்தில் முடிப்பதென்றால் பி.டி. மாஸ்டர் விசில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் போகிறவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அப்படித்தான் ஓடுகிறார்கள். ஓடுகிறவன் கண்ணில் பெரியதும் வெளுத்ததும் நெட்டையானதும்தான் படும். புதரோடு புதராகத் தெரியும் நரி படாது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு நாளை முழுசாக வண்டலூருக்குக் கொடுங்கள். எல்லாவற்றையும் காட்டாதீர்கள். நம் மாநிலத்துக் காட்டிலும் கரட்டிலும் வாழ்கிற ஐந்தாறு விலங்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் அரைமணி நேரம் பிள்ளைகளை உட்காரவையுங்கள்.

அன்றைக்குத் தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டு, பன்னிரண்டு பிள்ளைகளை மட்டும் நான் தனியாகக் கூட்டிப்போனேன். முதலில் இரண்டு குரங்குகள்: சிங்கவால் குரங்கு, நீலகிரி கருமந்தி. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் கறுப்பு. "ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்" என்றார்கள். உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். சிங்கவால் குரங்கில் ஒரு பெட்டை, தட்டிலிருந்த பழத் துண்டுகளை அவசர அவசரமாக வாயில் திணித்தது. விழுங்கவில்லை. இரண்டு கன்னமும் புடைத்துக்கொண்டு தொங்க, மேலே ஒரு கட்டையில் ஏறி உட்கார்ந்தது. பிறகு புறங்கையைக் கன்னத்தில் வைத்து அழுத்தி, உள்ளே ஒதுக்கி வைத்ததை வாய்க்குத் தள்ளித் தள்ளி நிதானமாக மென்றது. ஒரு பெண் தன் புறங்கையைக் கன்னத்தில் வைத்து அதைப்போலவே செய்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் பன்னிரண்டு பேரும் செய்தார்கள்.

கருமந்திக்கு அந்தக் கன்னப்பை கிடையாது. அது இலைதின்னி. இலையைச் செரிப்பதற்காக அதன் வயிறு அறை அறையாகத் தடுக்கப்பட்டிருக்கும் என்றதும், "குரங்குக்கு மாட்டு வயிறா?" என்று ஒருவன் சிரித்தான். அசைபோடாது, ஆனால் கேள்வி சரியான கேள்வி என்றேன். நான் வகுப்பறையில் கரும்பலகையில் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தபோது இந்தக் கேள்வி வந்ததில்லை.

இரண்டு குரங்குகளும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. சிங்கவால் குரங்கைக் கூண்டிலாவது பெருக்கிக் காப்பாற்றும் முயற்சியில் வண்டலூருக்கு முக்கியமான பங்கு இருக்கிறது. கருமந்தி பட்ட பாடு நம் தாத்தாக்களுக்குத் தெரியும். கருங்குரங்கு லேகியம் என்று டப்பாவில் அடைத்து விற்றார்கள். இளைப்புக்கு நல்லது என்று வாங்கித் தின்றார்கள். மலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதெல்லாம் அந்த லேகியத்துக்காகத்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் கணிசமானது அதற்காகத்தான்.

அடுத்து கழுதைப்புலி. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இதன் பேர் தெரியும், திட்டுவதற்கு. நேரில் பார்த்தவர் இல்லை. கோடு போட்ட உடம்பு, முதுகு நெடுக சிலிர்த்த மயிர், முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்த முதுகு. "முன்னங்காலுக்கு மட்டும் ஹீல்ஸ் போட்டா மாதிரி நடக்குது மிஸ்" என்றாள் எட்டாம் வகுப்புக்காரி ஒருத்தி. இதைவிடச் சரியாக எந்தப் பாடநூலும் எழுதியதில்லை. எலும்பை நொறுக்கித் தின்னும் தாடை அதற்கு. சுண்ணாம்புச் சத்து அதிகமாவதால் அதன் எச்சம் காய்ந்ததும் வெள்ளையாகிவிடும் என்று சொன்னபோது பையன்களுக்கு வந்த ஆனந்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. வீடு திரும்பியும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டும். செத்த மாட்டைத் தின்று காட்டைச் சுத்தம் செய்கிற ஒரு விலங்கு முதுமலைக்குக் கிழக்கே சீகூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது என்பதும் அதோடு சேர்ந்துதான் மனசில் நிற்கும்.

வெளிமான், காட்டுமாடு, முதலை மூன்றையும் சீக்கிரமாகவே முடித்தோம், வெயில் ஏறிவிட்டது. வெளிமானில் கிடாவின் கறுப்பும் முறுக்குக் கொம்பும், பெட்டையின் பழுப்பும் மொட்டைத் தலையும் பார்த்து வேறு வேறு மான் என்று அடித்துச் சொன்னார்கள். புள்ளிமானுக்குக் கொம்பு உதிர்ந்து முளைக்கும், இதற்கு முளைத்தது முளைத்ததுதான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன். கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் கிண்டியிலும் இது சுதந்திரமாகத் திரிகிறது. கிண்டியில் என்றால் மாநகரத்துக்குள், 2.7 சதுர கிலோமீட்டர் காட்டில்.

நரியிடம்தான் நின்றுவிட்டோம். பாட்டி சுட்ட வடையைக் காக்கையிடமிருந்து தட்டிப்பறித்த நரி. தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றும் சோறு ஊட்டும்போதே கேட்டு வளர்ந்த நரி. எதிரே நிற்கிறது, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "நாய் மிஸ்" என்றார்கள். அந்த வழியே போன ஒரு குடும்பமும் அதையேதான் சொல்லிக்கொண்டு போனது. அந்தத் தகப்பனார் வாயைக் குவித்து நாயைக் கூப்பிடுகிற மாதிரி சூ கொட்டிவிட்டு, கம்பியைத் தட்டவும் செய்தார். காட்சிசாலை விலங்கைச் சீண்டுவதும், சத்தம் போட்டுக் கலவரப்படுத்துவதும், தீனி போடுவதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி குற்றம். இதை அவரிடம் சொன்னேன். "நாய்க்கெல்லாமா சட்டம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் கூட்டத்தில் மரக்காணம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான், பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறவன். அவன்தான் மெதுவாகச் சொன்னான்: "இது எங்க முந்திரிக் கொல்லையில ராத்திரி ஊளை விடும் மிஸ். எங்க தாத்தா கல்லு வச்சிருப்பாரு." அவனுக்கு நரியின் குரல் தெரியும், முகம் தெரியாது. மற்ற பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்குமா, மனுஷனைக் கடிக்குமா, எத்தனை குட்டி போடும்? எலியும் நண்டும் செத்ததும்தான் அதற்கு முக்கியத் தீனி, வயலில் எலியைக் குறைக்கிறது என்றேன். தாத்தாவிடம் சொல்கிறேன் என்றான். சொன்னானா தெரியாது.

என் வாதமெல்லாம் அந்தப் பையனிடம்தான் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் பிழைப்பு மரக்காணத்துக்காரர் கையில் இல்லை. நரியின் பிழைப்பு முழுக்க அவர் கையில்தான். முந்திரிக் கொல்லை மனைப்பிரிவாக மாறினால் நரி போய்விடும். கல்லுக்குப் பதில் வெடியை வைத்தாலும் போய்விடும். சேலம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலையொட்டி வங்காநரி என்ற நரி வகையை வலைபோட்டுப் பிடித்து, மாலை போட்டு, கயிற்றில் கட்டி ஓடவிடும் வழக்கம் இருக்கிறது. நரி முகத்தில் முழித்தால் மழை பெய்யும், விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை. வனத்துறை அபராதம் போட்டுக்கொண்டிருக்கிறது. அபராதம் கட்டியும் பிடிக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளும் நிச்சயம் ஒருமுறையாவது வண்டலூர் வந்திருப்பார்கள். நரி இருந்த பக்கம் யார் அவர்களை உட்காரவைத்தது?

தேவாங்கையும் சொல்லவேண்டும். ஒல்லியாக, கண் பெரிதாக ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் போதும், தேவாங்கு என்று பட்டப்பேர் விழுந்துவிடும். நிஜமான தேவாங்கு ராத்திரி முழுக்கப் பூச்சி பிடித்துத் தின்கிற, பயிருக்கு நன்மை செய்கிற சாதுப் பிராணி. அதற்கென்றே இந்தியாவின் முதல் சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காடுகளில் 11,806 ஹெக்டேர். அறிவிப்பு வந்த அன்று பத்திரிகையில் படித்தோம். பிறகு எந்தப் பள்ளிச் சுற்றுலாவிலாவது கடவூர் என்ற பேர் அடிபட்டதா?

இத்தனையும் சொல்லிவிட்டு, வெளிநாட்டு விலங்கைக் காட்டவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீர்யானை வாயைப் பிளந்தபோது நானும்தான் கைதட்டினேன். மெட்ராஸ் காட்சிசாலை தொடங்கியதே அதிசயம் காட்டத்தான். 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒட்டி எட்வர்ட் பால்ஃபர் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் பக்கம் பூங்காவுக்குப் போய், 1985இல் வண்டலூருக்கு வந்தது. அருங்காட்சியகம் செத்த காலேஜ், விலங்குக் காட்சிசாலை உயிர் காலேஜ் என்று பட்டணம் பார்க்க வந்தவர்கள் பேர் வைத்தார்கள். தொலைக்காட்சி இல்லாத காலத்தில் ஒட்டகச்சிவிங்கி என்றால் அதிசயம்தான். இன்றைக்கு அந்தப் பிள்ளையின் அப்பா செல்போனில் ஆப்பிரிக்கா முழுக்க ஓடுகிறது. நரிக்கு அந்த வசதி இல்லை.

கூண்டில் அடைத்து வேடிக்கை பார்ப்பதே பாவம் என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடைத்தாகிவிட்டது, அதைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்தும் போகிறோம். அப்படியானால் அந்த விலங்குக்கு நாம் கொடுக்கக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, நின்று பார்ப்பது.

சாப்பாட்டு நேரத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். இரண்டு நாட்டுக்குரங்குகள் வந்து, ஒருத்தி மடியிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டன. டிக்கெட் இல்லாமல், கூண்டில்லாமல், பூங்காக் காட்டிலேயே பிறந்து வளரும் குரங்குகள். இந்த நாட்டுக்குரங்கும் இந்தியாவை விட்டால் இயல்பாக வேறெந்த நாட்டிலும் வாழ்வதில்லை என்று சொன்னேன். பொரியலைப் பறிகொடுத்தவள் அழுவதை நிறுத்திவிட்டு, "அப்போ இது வெள்ளைப்புலியவிட அபூர்வமா மிஸ்?" என்றாள். எண்ணிக்கையில் இல்லை, ஆனால் நம் ஊர்க்காரன் என்றேன். சிங்க உலாவுக்குப் போக முடியாமல் போன ஒருவன் மட்டும் கடைசிவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்கும் நியாயம் இருக்கிறது.

திரும்பும்போது பஸ் ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோட்டைத் தாண்டியது. உள்ளே கொஞ்ச தூரத்தில் வேடந்தாங்கல். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798லேயே கலெக்டர் உத்தரவு வாங்கிய ஏரி. ஜனவரி மாதம், மரமெல்லாம் கூடு நிறைந்திருக்கும் காலம். பஸ் நிற்கவில்லை, மெரினாவில் நேரமாகிவிட்டது. எங்கள் மாவட்டத்திலேயே கழுவெளி இருக்கிறது. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த நீர்நிலையை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ் தூரம். அந்த பஸ்ஸில் இருந்தவர்களில் அதைப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். மரக்காணத்துப் பையன் ஒருவன்தான் கையைத் தூக்கினான்.

கல்வித்துறைக்கு என் கோரிக்கை சிறியது. சுற்றுலாவுக்கு அனுமதி கேட்கும் பள்ளியிடம், அன்றைக்கு எத்தனை இடம் பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். ஒன்றுக்கு மேல் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு விலங்கு, ஒரு தாள், நாலு கேள்வி: எப்படி நடக்கிறது, எதைத் தின்கிறது, எங்கே நிழல் தேடுகிறது, நம் மாவட்டத்தில் இருக்கிறதா? இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பி.டி. மாஸ்டர்கள் தயவுசெய்து விசிலை பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வரவேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காணும் பொங்கலன்று போகாதீர்கள். அன்றைக்கு மனிதரைத்தான் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. மற்ற நாளில் காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறினால் நரியும் கழுதைப்புலியும் நிழலில் சுருண்டுவிடும், பத்து மணிக்குப் போகிறவருக்கு முதுகுதான் தெரியும்.